வெளி அலை உணரப்பட்டது

தையற்காரருக்குப் பொய் சொல்வது புதிதல்ல. "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்பதைக் காலையில் கடை திறந்ததும் ஒருவரிடமும், ஷட்டரை இழுக்கும்போது இன்னொருவரிடமும், இடையில் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லித்தான் அவர் தொழில் நடந்தது. அந்த நேரத்தில் அவர்கள் துணி மூட்டையைவிட்டு வெளியே வந்திருக்காது. ஆனால் அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். வணக்கம் சொல்வது மாதிரி. அவரை உறுத்திய பொய் வேறு. அதை அவர் ஒவ்வொரு மாலையும் போனில் தன் மகளிடம் சொன்னார்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேம்மா. நியூஸ் நல்லா இருந்துச்சு."

"அம்மா பாத்தாங்களா?"

"அவளுக்கு ஒரே சந்தோஷம்."

மகளுக்கு வேறு ஊரில் வேலை. குன்றின்மேல் ஒரு கோபுரத்தை நட்டுவைத்து அந்த வட்டாரத்துக்கு மட்டும் ஒளிபரப்பும் சின்னத் தொலைக்காட்சி நிலையம். மாலைச் செய்தியில் வாசிப்பவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். திரையின் கீழே வலது மூலையில் ஒரு வட்டம் இருக்கும். அந்த வட்டத்துக்குள் நின்று, காது கேளாதவர்களுக்காகச் செய்தியைச் சைகையில் சொல்வது அவள் வேலை.

அவளுக்கு அது படித்து வந்ததல்ல. அவள் அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய் பேசுவதற்கு முன்பே கை பேசிய குழந்தை அவள். "அம்மா உப்பு கேக்கறாங்க", "அப்பா லேட்டா வருவாராம்", "அம்மா கோவமா இருக்காங்க, ஏன்னு உங்களுக்கே தெரியுமாம்" என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மொழிபெயர்த்தே வளர்ந்தாள். அவள் இருக்கிற தைரியத்தில் தையற்காரர் மனைவியின் மொழியில் சாப்பாடு, வா, போதும், தலைவலி ஆகியவற்றைத் தாண்டவே இல்லை. மகள் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் சாப்பாடு, வா, போதும், தலைவலி ஆகியவை மட்டுமே பேசப்பட்டுவந்தன.

இத்தனைக்கும் அவள் அந்த வேலைக்குப் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது, "கையை ஆட்டறதுக்கெல்லாம் ஒரு படிப்பா? பேங்க் பரீட்சை எழுதற வழியப் பாரு" என்றவர் இவர்தான். மனைவி அப்போது அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். உதடு படிப்பதில் அவளுக்குப் பாதிதான் பிடிபடும்; அன்று அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

பொய் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் எளிமையானது. வீட்டில் இருந்தது செயற்கைக்கோள் இணைப்பு. மாடியில் டிஷ், டிவிக்குக் கீழே ரிசீவர் பெட்டி. உலகத்தின் எந்த மூலையில் எது நடந்தாலும் அதில் வரும். பக்கத்துக் குன்றிலிருந்து வருவது மட்டும் வராது. டிவி பழையது, கோபுரம் டிஜிட்டலுக்கு மாறியபோது அது மாறவில்லை. நிலையத்தின் நிகழ்ச்சிகள் போனிலும் கம்ப்யூட்டரிலும் கிடைப்பதில்லை. மகள் முதல் நாள் முடித்துவிட்டு மூச்சு வாங்கப் போன் செய்தபோது, "இல்லம்மா, நம்ம வீட்ல வராது" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. 'நாளைக்கு ரெடி' சொல்லிப் பழகிய வாய் தானாகவே "பாத்தேம்மா" என்றது. மறுநாள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். தைக்கக் கொடுத்த துணிகளைப் பற்றியும் அவர் அப்படித்தான் நினைப்பார்.

நாட்கள் ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்னாள்: "இந்த வெள்ளிக்கிழமையோட என் முறை முடியுதுப்பா. அப்புறம் வேற ஆள். எனக்கு எப்ப மறுபடி வரும்னு தெரியாது. சனிக்கிழமை வீட்டுக்கு வரேன். எந்த நாள் நல்லா இருந்துச்சு, எங்க சொதப்பினேன், எல்லாம் நீங்களும் அம்மாவும் சொல்லணும்."

தையற்காரர் மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு ஓடினார்.

"இதுக்குப் போயா இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்தீங்க?" என்றார் கடைக்காரர். விரல் நீளத்தில் ஒரு குச்சியை எடுத்து வைத்தார். "இதான் ட்யூனர். உங்க ரிசீவருக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும், அதுல சொருகுங்க. இந்த ஆன்டெனாவ மாடியில வச்சு, கோபுரத்தப் பாக்கத் திருப்பி, ஒயர இதுல மாட்டுங்க. மெனுவுல 'சேனல் தேடு'ன்னு இருக்கும். அமுக்குங்க. காப்பி ஆர்றதுக்குள்ள வந்துடும்."

"கம்பெனிக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டானே?"

"காத்துல சும்மா வர்றதுக்குக் கம்பெனி என்ன சொல்லும்?"

கடைக்காரர் சொன்னபடியே செய்தார். பெட்டி தேடியது. ஒரு கோடு இடமிருந்து வலமாக வளர்ந்து பாதியில் நின்றது. பிறகு திரை முழுவதும் வெளிர்நீலமாகி, எழுத்துகள் மெதுவாக எழுந்தன.

'வெளி அலை உணரப்பட்டது. இது உங்கள் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. உங்களுக்கே தெரியும். பேச விரும்பினால் அழைக்கவும்.'

பின்னணியில் ஒற்றை வயலின் அழுதது. தையற்காரர் குச்சியைப் பிடுங்கினார். வயலின் நிற்கவில்லை. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவர் சைகையில் "தலைவலி" என்றார். அந்தச் சூழ்நிலைக்கு அவரிடம் இருந்த சொல் அது ஒன்றுதான்.

கம்பெனியின் எண்ணை அழைத்ததும் ஒரு பெண் குரல் வரவேற்றது. "வருத்தத்துடன் பேச ஒன்றை அழுத்தவும். மிகுந்த வருத்தத்துடன் பேச இரண்டை அழுத்தவும். வருத்தம் இல்லையென்றால் இணைப்பிலேயே இருங்கள்; வரும்." தெருவில் போலீஸ் ஜீப் போனாலே சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிற மனிதர் அவர். இரண்டை அழுத்தினார். மறுநாள் காலை நேரில் வரும்படி நேரம் ஒதுக்கப்பட்டது.

கம்பெனி அலுவலகத்தில் 'புதிய இணைப்பு' என்ற பலகையின் கீழே வரிசையாக மேசைகள், மேசைக்கொரு சிரிப்பு, தட்டில் சாக்லெட். 'வேறு விருப்பங்கள்' என்ற பலகை தாழ்வாரத்தின் கடைசியில், கழிப்பறைக்குப் பக்கத்தில் தொங்கியது. அங்கே போடப்பட்ட நாற்காலியின் கால்கள் குட்டையாக வெட்டப்பட்டிருந்தன. உட்கார்ந்தால் முகவாய் மேசை விளிம்புக்கு வரும். எதிரே டை கட்டிய இளைஞர் ஒருவர். அவர் மார்பில் 'இளநிலை மன்னிப்பு அலுவலர்' என்று இருந்தது. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் தையற்காரர் பக்கம் தள்ளினார்.

"சொல்லுங்க சார். எங்ககிட்ட என்ன குறை கண்டீங்க?"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. என் பொண்ணு அந்த லோக்கல் சேனல்ல வர்றா. அதப் பாக்கணும், அவ்வளவுதான்."

"எல்லாரும் இப்படித்தான் சார் ஆரம்பிப்பாங்க. ஒருத்தர் மழை வருமான்னு மட்டும் பாத்துக்கறேன்னு சொன்னாரு. அப்புறம் உள்ளூர் ஃபுட்பால். அப்புறம் காய்கறி விலை. இன்னிக்கு அவர் வீட்டு டிஷ்ல காக்கா கூடு கட்டியிருக்கு." அலுவலரே ஒரு காகிதக் கைக்குட்டையை உருவிக்கொண்டார். "நாங்க எவ்வளவு சேனல் தர்றோம்? அதுல ஒண்ணுல ராத்திரி பகலா மீன் நீந்துது. மீன் மட்டும். விளம்பரம்கூடக் கிடையாது. அத ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அந்த மீன் யாருக்காக நீந்துது சார்?"

தையற்காரருக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாற்காலியில் அதைவிடக் குனிய இடமில்லை.

"உங்களுக்கு அனுமதி கிடைக்காதுன்னு நான் சொல்லவே மாட்டேன்," என்றார் அலுவலர். "நாங்க யாரையும் எதுக்கும் தடுக்கறதில்ல. அது எங்க கொள்கை. சும்மா கிடைக்கற எதுவும் எங்களத் தாண்டாம கிடைச்சிடக் கூடாது, அத மட்டும் பாத்துக்கறோம். நாளைக்கு நன்றியுணர்வு வகுப்பு இருக்கு. வந்துடுங்க."

அன்று மாலை கடைக்குப் போன் வந்தது. "பாத்தீங்களாப்பா?"

"பாத்தேம்மா. இன்னிக்கு நீ போட்டிருந்த டிரெஸ் எடுப்பா இருந்துச்சு."

"எல்லா நாளும் அதே கறுப்புதாம்ப்பா. கை தெளிவாத் தெரியணும்னு கறுப்புதான் போடச் சொல்வாங்க."

"அதத்தாம்மா சொல்றேன். கறுப்பு உனக்கு எடுப்பா இருக்கு."

மகள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு, கையில் இருந்த கால்சட்டையின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டிருந்ததைப் பார்த்தார்.

நன்றியுணர்வு வகுப்பில் இன்னொருவரும் இருந்தார், பேக்கரி வைத்திருப்பவர். ஏற்கெனவே இந்த வகுப்பில் தேறாமல் போனவர்.

"அழுதா பாஸ் போட்டுடுவாங்கண்ணே," என்று காதைக் கடித்தார். "எனக்குத்தான் சட்டுனு வரமாட்டேங்குது. வெங்காயம் கொண்டு வந்தேன், வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க."

விளக்கு அணைந்தது. திரையில் கரிய வானம். நடுவில் ஒரு செயற்கைக்கோள், தன்னந்தனியாக. மறுபடியும் அதே வயலின். படம் முடிந்ததும் பயிற்சியாளர் அம்மாள் முன்னால் வந்து, முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"அது உக்காரல," என்றார். "கவனிச்சீங்களா? அங்க உக்கார இடமே இல்ல. குளிரு. இருட்டு. பக்கத்துல பேச ஆள் கிடையாது. யாருக்காக? நீங்க சோபாவுல கால நீட்டிக்கிட்டு சமையல் நிகழ்ச்சி பாக்கறதுக்காக. அது உங்கள ஒருநாளாவது கேள்வி கேட்டுச்சா? நீங்க மட்டும் ஓரக்கண்ணால ஒரு கோபுரத்தப் பாக்கறீங்க. கோபுரத்துக்கு என்ன கஷ்டம்? குன்றுமேல காத்து வாங்கிக்கிட்டு நிக்குது. பக்கத்துல டீக்கடை இருக்கு."

பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். "மேடம், அந்தக் கோபுரம் வர்றதுக்கு எதுக்கு உங்ககிட்ட அனுமதி வாங்கணும்?"

"நல்ல கேள்வி. காத்து எங்களுது இல்ல. அத நாங்க பெருந்தன்மையா ஒத்துக்கறோம். உங்க கண்ணு உங்களுது, அதையும் ஒத்துக்கறோம். நடுவுல இருக்கற பெட்டி எங்களுது. இதுல என்ன உங்களுக்குப் புரியல?"

பேக்கரிக்காரர் அந்தத் தடவையும் தேறவில்லை. தையற்காரரின் கண் நிறைந்திருந்தது. தன்னந்தனியாக, பேச ஆளில்லாமல், குளிரில் நிற்கும் அந்தப் பொருளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வீட்டில் இருக்கும் மனைவியின் நினைவு வந்தது, அதுதான் காரணம். பயிற்சியாளர் அம்மாள் அந்தக் கண்ணீரை நேராகவே எடுத்துக்கொண்டு அவருக்கு முதல் வகுப்பில் தேர்ச்சி போட்டார்.

வியாழக்கிழமை கூரை ஆய்வாளர் வந்தார். மாடியில் டிஷ் ஒரு பக்கமும், சற்றுத் தள்ளி ஆன்டெனா எதிர்ப்பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. ஆய்வாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்ன சார் இது? முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது?"

"கோபுரம் அந்தப் பக்கம்தானுங்க இருக்கு."

"அதுக்காக? இத்தன வருஷமா உங்களுக்கு உழைச்ச டிஷ். அது கண்ணு முன்னாடியே புதுசா வந்தது முதுகக் காட்டிட்டு நிக்கலாமா? நான் மனுஷன், நான் பொறுத்துப்பேன். விதி பொறுக்காது."

"கொஞ்சம் திருப்பி வச்சா படம் வராதுங்களே."

"படம் வரணும்னு நான் எங்கயும் சொல்லலையே. மரியாதை இருக்கணும்னுதான் சொல்றேன்."

கடைசியில் ஆய்வாளரே இளகி ஒரு வழி சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஒரு திரை கட்டிவிட வேண்டியது. டிஷ்ஷுக்குத் தெரியாமல் இருந்தால் சரி. கனமான துணி, மடிப்பு விழக் கூடாது, ஓரம் இரட்டைத் தையல், நிறம் வெளிர்நீலம். தையற்காரர் கடைக்கு ஓடிப்போய் வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு, ஆய்வாளர் காத்திருக்கும்போதே கொண்டுவந்து கட்டினார். சொன்ன நேரத்துக்கு அவர் ஒரு துணியைத் தைத்துக் கொடுத்தது தொழிலுக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை. துணி உலர்த்த மேலே வந்த மனைவி, கம்பங்களுக்கு நடுவே விறைப்பாக நிற்கும் திரையையும், அதற்கு முன்னால் பயபக்தியோடு நிற்கும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவோ கேட்டாள். கைகள் வேகமாக ஓடின. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "போதும்" என்று காட்டினார். பதிலாகச் சொன்னது அது; கட்டளை மாதிரி ஆகிவிட்டது. அவள் ஈரத்துணி வாளியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைசிக் கட்டம்: ஒப்புதல் அமர்வு. மேலாளர் அறையில் தரைவிரிப்பு கணுக்கால்வரை புதைந்தது. சுவரில் செயற்கைக்கோளின் படம், மாலை போடாத குறையாக. வாடிக்கையாளர் தன் சொந்த வார்த்தைகளில், யாரும் சொல்லித் தராமல், தான் செய்ததற்கு வருந்த வேண்டும். அதுதான் விதி. மேலாளர் ஒலிப்பதிவுக் கருவியை அழுத்திவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

தையற்காரர் முந்தின நாள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். 'வெளி அலையை நாடியது என் பிழை' என்று ஆரம்பிக்கும். வாயைத் திறந்தார். வேறு வந்தது.

"தப்பு என் மேலதாங்க. பக்கத்துலயே இருந்தும் நான் கவனிக்கல. இத்தன வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். அவ என்ன சொல்றான்னு நான் ஒருநாளும் புரிஞ்சுக்க மெனக்கெடல. நடுவுல ஒரு ஆள் இருந்துச்சு, அது பாத்துக்கும்னு விட்டுட்டேன். அந்த ஆளும் போனப்பறம், சாப்பாடு, வா, போதும், தலைவலின்னு நாலு வார்த்தையில குடும்பம் நடத்தறேன். அவளும் பேசறத நிறுத்திட்டா. கோவம்னாகூட இப்ப சொல்றதில்ல. இதுல பொண்ணுகிட்ட தினமும் பொய் வேற. பாத்தேன் பாத்தேன்னு. நான் எதையுமே பாக்கலீங்க. எதிர்ல இருக்கறதையே பாக்கல."

கைக்குட்டைப் பெட்டி இந்த அறையிலும் இருந்தது. இந்தத் தடவை அவருக்குத் தேவைப்பட்டது.

மேலாளர் கண்ணைத் திறந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேருந்து இப்படி ஒரு வருத்தத்தக் கேட்டதில்ல," என்றார். "எதிர்ல இருக்கறதையே பாக்கல! எங்க சேனல் பட்டியலப் பத்தி இத்தன அழகா யாருமே சொன்னதில்ல சார். இத எல்லா கிளைக்கும் அனுப்பப் போறோம். உங்ககிட்ட ஒண்ணு வெளிப்படையாச் சொல்லட்டுமா? ஆரம்பத்துல நாங்க வாடிக்கையாளரச் சந்தோஷமா வச்சுக்கப் பாத்தோம். பெரிய தப்பு. சந்தோஷமா இருக்கறவன் எங்கள மறந்துடறான். மனசு உறுத்தறவன் இருக்கானே, அவன் தேதிக்கு முன்னாடியே கட்டிடறான். குரல ஒசத்த மாட்டான். நாற்காலி குட்டையா இருந்தாலும் அவனுக்கு அது சரியான உயரமாத்தான் படும். அதனால உறுத்தலத் தயாரிக்கறதுக்குன்னே ஒரு துறை வச்சோம். நீங்க என்னடான்னா வீட்லேருந்தே கொண்டு வந்திருக்கீங்க! உங்க பெட்டிய இப்பவே திறந்து விடச் சொல்றேன்."

கைகுலுக்கும்போது மேலாளர் அவர் தோளைத் தட்டி, "வருத்தத்த மட்டும் விட்டுடாதீங்க," என்றார்.

அன்று மாலை தையற்காரர் கடையைச் சீக்கிரமே பூட்டினார். 'நாளைக்கு ரெடி' வாடிக்கையாளர்கள் ஷட்டருக்கு முன்னால் நின்று கூப்பிட்டது காதில் விழவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். அவரை அந்த நேரத்தில் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள். அவர் "வா" என்று காட்டினார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்; வாசலைப் பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்து டிவி முன்னால் உட்காரவைத்து, குச்சியைச் சொருகி, 'சேனல் தேடு' அமுக்கினார். கோடு வளர்ந்தது, முழுதாக வளர்ந்தது. வயலின் இல்லை. வெளிர்நீலம் இல்லை. செய்தி நிலையத்தின் மேசை, விளக்கு, செய்தி வாசிப்பவரின் கண்ணாடி, எல்லாம் துல்லியமாக, பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிந்தன.

வலது கீழ் மூலையில் ஒரு பட்டை எழுந்தது. அகலமாக, ஒளி ஊடுருவாமல்.

'நீங்கள் இப்போது எங்களுடையது அல்லாத ஒன்றைப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை. நாங்கள் காத்திருக்கிறோம்.'

தையற்காரர் ரிமோட்டின் பொத்தான்கள் எல்லாவற்றையும் அமுக்கினார். பட்டை நகரவில்லை. அதன் விளிம்பில் அவ்வப்போது கறுப்புத் துணி போட்ட ஒரு முழங்கை மட்டும் தெரிந்து மறைந்தது. அவர் டிவிக்குப் பக்கத்தில் போய், பட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற மாதிரி கண்ணாடியில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து பார்த்தார். மனிதன் ஆற்றாமையில் செய்கிற காரியம் அது. பலன் எதிர்பார்த்துச் செய்ததல்ல.

மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து, வாசலைத் தாண்டித் தெருவில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

தெருமுனையில் ஒரு பல் மருத்துவமனை. காத்திருக்கும் அறையில் கன்னம் வீங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் யார் காதிலும் விழாமலிருக்கவோ என்னவோ, எல்லோரும் சுவரில் இருந்த டிவியையே பார்த்தார்கள். டிவியில் ஒலி நிறுத்தப்பட்டிருந்தது. பின்பக்கத்திலிருந்து ஒரு கம்பி ஜன்னல்வரை போய்க் கொக்கியில் தொங்கியது. வலது மூலையின் வட்டத்துக்குள், கறுப்புச் சட்டையில், மகள் நின்றிருந்தாள்.

"வாங்கக்கா, என்ன இன்னிக்கு லேட்டு? கடைசி நாளாச்சேன்னு நான் வாசலையே பாத்துட்டு இருக்கேன்," என்று வாயால் சொல்லிக்கொண்டே அதையே கையாலும் சொன்னாள் வரவேற்பு மேசைப் பெண். முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மனைவி அதில் பழகிய மாதிரி உட்கார்ந்தாள். "இவர்தான் அவரா? பாக்க நல்ல மனுஷனாத்தான் இருக்காரு."

"இவ தினமும் இங்கதான் வர்றாளா?" என்றார் தையற்காரர்.

"முதல் நாள்லேருந்து வர்றாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க ஆபீஸ் ஆபீஸா அலையறீங்களாம், மாடியில என்னவோ திரையெல்லாம் கட்டறீங்களாம். ஏற்கெனவே பாத்துட்டேன்னு சொன்னா மனசு விட்டுப் போயிடும்னு அக்காவுக்கு ஒரே உறுத்தல்."

"இந்த டிவிக்கு அனுமதி?"

"எதுக்கு? கம்பியச் சொருகினோம், வந்துச்சு."

தையற்காரருக்கு உட்கார இடமில்லை. பல்வலிக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு பார்த்தார். ஒலியில்லாத அந்த அறையில் வட்டம்தான் பேசியது. நடுவில் இருந்தவர் வெறுமனே வாயசைத்தார். மகளின் கைகள் ஒரு வெள்ளத்தைச் சொல்லின, ஒரு பாலத்தைக் கட்டின, யாரையோ பதவியிலிருந்து இறக்கின. கன்னத்தில் கைவைத்திருந்த ஒருவர் தலையாட்டிச் சிரித்தார். இவர்கள் எல்லோருக்கும் புரிகிறது என்று அவருக்குத் தோன்றியது. மனைவியின் விரல்கள் மடியில் மகளின் விரல்களோடு சேர்ந்து லேசாக அசைந்துகொண்டிருந்தன. அவள் முகம் இவ்வளவு பேசும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

செய்தி முடிந்தது. வாசித்தவர் காகிதங்களை அடுக்கினார். வட்டத்துக்குள் மகள் வணக்கம் வைத்தாள். பிறகு, அது செய்தியில் சேராது என்பது பார்த்தாலே தெரிந்தது, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் குவித்து, காற்றில் ஒரு ஊசியில் நூல் கோத்தாள். அந்த வீட்டுச் சைகையில் அது அவருடைய பெயர். அதற்குப் பின்னால், புருவத்தை உயர்த்தி, சின்னதாக இன்னொரு அசைவு. திரை மாறிவிட்டது.

மனைவி அவரைச் சுட்டிக் காட்ட, முன்வரிசை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. "என்ன கேட்டா?" என்றார் அவர். வரவேற்பு மேசைப் பெண் மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"பாத்தீங்களாப்பா?"

பாத்தேம்மா என்று வாய் குவிந்துவிட்டது. அது உண்மையாக இருந்த ஒரே நாளில் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"கடைசியில என் பேரச் சொன்னியேம்மா. அப்புறம் என்னவோ கேட்ட. எனக்குப் புரியல."

மறுமுனையில் ஸ்டூடியோ விளக்குகளை யாரோ அணைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப இன்னிக்குத்தான் பாத்திருக்கீங்க," என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. "'பாக்கறீங்களா'ன்னு கேட்டேம்ப்பா. தினமும் முடிக்கறப்ப அதத்தான் கேக்கறேன். தினமும் நீங்க நியூஸ் நல்லா இருந்துச்சுன்னு சொல்வீங்க."

மனைவி எழுந்து வந்து எதிரில் நின்றாள். என்ன சொல்கிறாள் என்று புருவத்தால் கேட்டாள். மொழிபெயர்க்க நடுவில் ஆள் இல்லை. தையற்காரர் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வெறுமையான இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். ஊசியில் நூல் கோத்தார். அதற்குமேல் தெரியவில்லை. மகள் காட்டிய அசைவை ஞாபகத்திலிருந்து போட்டுப் பார்த்தார்.

மனைவி அவர் விரலில் சுள்ளென்று ஒரு அடி வைத்தாள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மணிக்கட்டைத் திருப்பி, முதலிலிருந்து செய்யச் சொன்னாள்.